உள்ளாடையின் ஓரச் சுருக்கு

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் கவிதை வாசித்த இளைய நண்பர், தையல் வேலை செய்து பிழைக்கும் பெண்ணொருத்தியைப் பற்றிய தம் கவிதையில் 'பிரில்' என்னும் சொல்லை ஆண்டிருந்தார். சொல் தமிழன்று என்றார் ஒருவர். சொல் கிடக்கட்டும், பொருளே கவிதைக்கு ஆகாது. உள்பாவாடையின் விளிம்பில் வைத்துத் தைக்கும் சுருக்குக்குக் கவிதையில் என்ன வேலை என்று கேட்டார் மூத்த கவிஞர் ஒருவர். அவையில் சிரிப்பெழுந்தது. நண்பர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது எனக்கு அந்தச் சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிரில் தமிழன்று என்பது உண்மையே. ஆனால் உடைகளின் பெயர்கள் எந்த மொழியிலும் ஊர்விட்டு ஊர் வந்தவையாகவே இருக்கின்றன. நம் பாட்டனார்கள் சட்டையைக் கமிசு என்றனர். நம் வீட்டுப் பெண்மக்கள் உள்ளே அணிவதைச் சிம்மீஸ் என்கிறோம். இவ்விரண்டுக்கும் பிற்கால இலத்தீனின் 'கமிசியா' என்ற ஒரே சொல்லே வேர். ஒன்று ஒரு வழியாகவும் மற்றொன்று பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தன. பள்ளிச் சிறுவர்களின் அரைக்காற்சட்டையை டிராயர் என்றோமே, அது இழுத்து மாட்டிக்கொள்வது என்னும் பொருளில் ஆங்கிலத்தில் உள்ளுடைக்கு வழங்கிய பெயர். தென்கோடித் தமிழகத்திலும் ஈழத்திலும் லேசுக்கு வழங்கும் ரேந்தை என்ற சொல் போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்றது. அதற்குக் கட்டுரையின் முடிவில் மீண்டும் வருவேன்.

இனிப் பொருள். சுருக்கு என்பது என்ன? ஒரு முழ ஓரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முழ நீளமுள்ள துணிப்பட்டையை எடுத்து, அதன் ஒரு விளிம்பில் நூலோட்டி, நூலை இழுத்து, ஓரத்தின் அளவுக்கு ஒடுக்கித் தைப்பது. அவ்வளவே. தேவைக்கு மேற்பட்ட துணி அதன் உயிர். கந்தலுடுத்தியவளுக்குச் சுருக்கு இல்லை. துணி விலையுயர்ந்த பொருளாக இருந்த நூற்றாண்டுகளில் அந்த மிகைத் துணியே உடுத்தவரின் நிலையை ஊருக்குச் சொல்லிற்று. கண்ணுக்குத் தெரியாத உள்ளாடையில் அதைத் தைத்தது ஏன் என்பதுதான் இவ்வரலாற்றின் முதற் கேள்வி.

விடை எளிது: சுருக்குப் பிறந்ததே உள்ளாடையில்தான். இடைக்கால ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் உடலோடு ஒட்டி அணிந்தது வெள்ளை லினன் நூலாலான நீண்ட அங்கி. மேலே அணியும் பட்டும் கம்பளியும் துவைக்க இயலாதவை. வியர்வையை வாங்கிக்கொண்டு அவற்றைக் காப்பது இந்த உள்ளங்கியின் வேலை. அடிக்கடி துவைக்கப்பட்டது இது ஒன்றே. இதன் கழுத்தில் நாடா கோத்து இழுத்துக் கட்டினர். நாடாவுக்கு மேலே எஞ்சிய துணி தானாகவே சிறு சுருக்காக மேலாடைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. உள்ளே சுத்தமான வெள்ளைத் துணி அணிந்திருக்கிறேன் என்பதற்கு அதுவே சாட்சி. 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சாட்சி வளர்ந்தது. வளர்ந்து, உள்ளங்கியிலிருந்து பிரிந்து, தனியே கழுத்தில் கட்டும் பெரிய வட்டமாயிற்று. எலிசபெத் அரசியின் ஓவியங்களில் தலையைத் தட்டில் ஏந்தியதுபோலத் தோன்றும் அந்த வெண்வட்டம், கழுத்துநாடாவின் மேலே எஞ்சிய இரண்டு விரல் துணியின் வழித்தோன்றலே.

அவ்வட்டம் நிமிர்ந்து நிற்கக் கஞ்சி வேண்டியிருந்தது. 1564இல் டிங்கன் வான் டெர் பிளாசே என்ற பிளெமிஷ் பெண்மணி இலண்டனுக்குக் குடிவந்து, கஞ்சி காய்ச்சித் துணிக்கு ஏற்றும் கலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தார். அவருக்கு மாணவியர் திரண்டனர். 1583இல் பிலிப் ஸ்டப்ஸ் என்ற கண்டிப்பான சமயவாதி தம் காலத்துச் சீர்கேடுகளைப் பட்டியலிட்டு நூலொன்று எழுதியபோது, இந்தக் கஞ்சியைச் சாத்தானின் சரக்கு என்றே வைதார். நம்மூரில் வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடும் எவரும் இதைக் கேட்டுப் புன்னகைக்காமல் இருக்க முடியாது.

இது மேலுடம்பின் கதை. இடுப்புக்குக் கீழே கதை வேறு. ஐரோப்பியப் பெண்கள் காலுக்கு உள்ளுடை அணிவது 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெருவழக்கன்று என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள். நீண்ட உள்ளங்கியும் அதன்மேல் பல பாவாடைகளும் போதும் என்று இருந்தனர். இரண்டு காலாகப் பிரிந்த உடை ஆணின் உரிமை. அதைப் பெண் அணிவது நாணமின்மை. இத்தாலியின் சில நகரங்களிலும் பிரெஞ்சு அரசவையிலும் 16ஆம் நூற்றாண்டிலேயே சில பெண்கள் அதை அணிந்தனர். குதிரையேற்றத்தில் விருப்பமுடைய கத்தரீன் தெ மெதிசி அரசியே அவ்வழக்கத்தைப் பிரான்சுக்குக் கொணர்ந்தவர் என்பர். இங்கிலாந்தில் அது ஐயத்துக்குரியதாகவே இருந்தது. சாமுவேல் பீப்ஸ் தம் புகழ்பெற்ற நாட்குறிப்பில் 1663ஆம் ஆண்டு மே மாதம் எழுதியிருப்பதைப் பாருங்கள். மனைவிக்கு நடனம் கற்பிக்க வந்த ஆசிரியர்மீது அவருக்குப் பொறாமை. மனைவி அன்று வழக்கம்போல் உள்ளுடை அணிகிறாரா என்று படுத்தவாறே ஒளிந்து நோக்கியதாகவும், அச்செயலுக்குத் தாமே வெட்கப்படுவதாகவும் சுருக்கெழுத்தில் குறித்துவைத்தார். பிரெஞ்சுத் தந்தைக்குப் பிறந்த அப்பெண்மணி அதை அணியும் வழக்கமுடையவர் என்பது இதனால் தெரிகிறது. அவர் தாமே ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் அன்றைய பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது.

நாணத்தின் இலக்கணம் தலைகீழாக மாறியது பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில். கனத்த பட்டும் விரிந்த வளையப் பாவாடையும் பழைய அரசின் அடையாளங்களாகிவிட்டன. கிரேக்கச் சிலைகளைப்போல் மெல்லிய வெண்துணியில் நிற்பது புதுமையாயிற்று. அந்த மெல்லிய துணி பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து சென்றது. டாக்கா மஸ்லினுக்கு ஐரோப்பா மயங்கிய காலம் அது. பாம்பின் உரியை ஒத்த நுண்ணிய துணியைப் பொருநராற்றுப்படை பேசுவதை அறிந்த நமக்கு அம்மயக்கம் வியப்பளிப்பதன்று. ஆனால் வெப்ப நாட்டுக்கென நெய்த துணியைக் குளிர்நாட்டில் ஒற்றை மடியாக உடுத்தியபோது, குளிரும் ஊடுருவிற்று, பார்வையும் ஊடுருவிற்று. அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் உயர்குடிப் பெண்கள் காலுடை அணியத் தலைப்பட்டனர். நேற்றுவரை அணிவது நாணமின்மை. இன்று அணியாமை நாணமின்மை. இடையில் சென்றது ஒரு தலைமுறையே.

அக்காலுடை இன்றைய தையலில் அமைந்ததன்று. இரண்டு கால்களும் தனித்தனிக் குழாய்கள். இடுப்புப் பட்டியில் மட்டுமே அவை இணைந்தன. ஆங்கிலத்தில் அதை இன்றும் இணை என்று பன்மையில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கணுக்கால்வரை நீண்டு, பாவாடைக்குக் கீழே விளிம்பு தெரியும்படி அணியும் வகையும் 1820, 1830களில் பரவியது. அவ்விளிம்பில்தான் சுருக்கு, லேஸ், துளைப்பூத் தையல் எல்லாம் குவிந்தன. பெரியவர்கள் அவ்வழக்கத்தை விரைவில் கைவிட்டபின்னும் குழந்தைகளுக்கு அது நெடுநாள் நிலைத்தது. ஆண் குழந்தைகளும் ஐந்தாறு வயதுவரை பாவாடையும் சுருக்கு வைத்த காலுடையும் அணிந்தே வளர்ந்தனர் என்பதை அக்காலக் குடும்ப ஓவியங்களில் காணலாம். செலவைக் குறைக்க விரும்பியோர் முழு உடை தைக்காமல், முழங்காலில் நாடாவால் கட்டிக்கொள்ளும் வெறுங்குழாய்களை மட்டும் தைத்தனர். கண்ணில் படுவது விளிம்பு. விளிம்பு மட்டும் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

1856ஆம் ஆண்டைத் தமிழ் படித்தோர் மறவார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த ஆண்டு அது. அதே ஆண்டில் பாரிசில் எஃகு வளையங்களாலான பாவாடைக் கூண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. அதற்குமுன் பாவாடையை விரித்துக் காட்டக் குதிரைமயிர் கலந்த கெட்டித்துணியையும், ஆறேழு கஞ்சியிட்ட உள்பாவாடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமந்தனர். கூண்டு வந்ததும் சுமை குறைந்தது. பெண்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்றனர் என்பதை இன்றைய ஏளனத்தில் நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் கூண்டு காற்றில் ஆடும், படியேறினால் சாயும், உட்கார்ந்தால் எழும்பும். ஆகவே உள்ளே காலுடை இன்றியமையாததாயிற்று. எந்த நேரத்திலும் வெளிப்படலாம் என்பதால் அதன் ஓரம் அழகாகவும் இருக்கவேண்டியதாயிற்று. உள்ளாடைச் சுருக்கின் பொற்காலம் என்று இதைச் சொல்லலாம், அதைத் துவைத்தவர்களின் பக்கம் இருந்து பாராவிட்டால்.

துவைத்த சுருக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது தனிக்கலை. தாங்கியில் நிறுத்திய வெறுங்குழாய்க்குள் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோலைச் செருகுவர். குழாய் சூடேறியதும், கஞ்சியின் ஈரம் உலராத சுருக்கை மடிப்பு மடிப்பாக அதன்மேல் வைத்து இழுப்பர். ஒரு மடிப்புக்கு ஒரு முறை. ஒரு பாவாடையின் அடிச்சுற்றில் நூறு மடிப்புகள் இருந்தால் நூறு முறை. சூடு மிகுந்தால் துணி கருகும். குறைந்தால் மடிப்பு நில்லாது. பின்னர் பல்வரிசை உருளைகள் கொண்ட கைப்பொறி வந்து அவ்வேலையை ஓரளவு எளிதாக்கியது. ஆனாலும் சலவைக்கூடத்தின் வெப்பத்தில் நின்றவர்கள் பெண்களே. அணிந்தவர்களுக்கும் ஆபத்து இருந்தது; ஆபத்தின் பெயர் தீ. காற்றை உள்ளே அடக்கிய பருத்தி அடுக்குகள் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொண்டன. 1863 திசம்பர் 8ஆம் நாள் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரத் தேவாலயம் ஒன்றில் விளக்குத் தீ பரவியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள். விரிந்த பாவாடைகள் வாயிலில் ஒன்றோடொன்று சிக்கி அவர்களை வெளியேறவிடவில்லை.

கவிஞர்கள் படிக்கும் மலராதலின் ஒரு கவிஞரின் வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோவின் மனைவி பேனி, 1861 சூலையில், தம் பெண்குழந்தைகளின் தலைமுடிச் சுருளை வெட்டி, நினைவாக வைக்க அரக்கு முத்திரையிட்டுக்கொண்டிருந்தார். மெல்லிய கோடைக்கால உடை. தீப்பட்டதும் கணவரின் அறைக்கு ஓடினார். அவர் விரிப்பை எடுத்துப் போர்த்தியும், தம் உடலாலேயே அணைத்தும் காக்க முயன்றார். மறுநாள் பேனி இறந்தார். முகத்திலும் கைகளிலும் புண்பட்ட கவிஞரால் அடக்கத்துக்கும் செல்ல இயலவில்லை. படங்களில் நாம் காணும் அவருடைய நீண்ட வெண்தாடி, அத்தழும்புகளின்மேல் வளர்ந்தது. பதினெட்டாண்டு கழித்து மனைவியை நினைந்து அவர் எழுதிய 'பனிச்சிலுவை' என்ற பதினான்கடிப் பாடலை அவர் உயிரோடிருந்தவரை அச்சிடவில்லை.

இத்தனைச் சுருக்கையும் லேசையும் செய்தவர்கள் யார்? 1843 திசம்பரில் 'பஞ்ச்' இதழில் தாமஸ் ஹூட் வெளியிட்ட சட்டையின் பாடலை ஆங்கிலம் பயின்றோர் அறிவர். தைக்கக் கொடுத்த துணியை வறுமையால் அடகுவைத்து நீதிமன்றம் ஏற்றப்பட்ட இலண்டன் விதவை ஒருத்தியின் செய்தியே அப்பாட்டுக்குத் தூண்டுதல். விளிம்பையும் பட்டையையும் பொத்தானையும் பாட்டுக்குள் கொண்டுவர ஹூட் தயங்கவில்லை. அங்கே எவரும் சிரிக்கவுமில்லை. நம் மாதக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தக்க நேரத்தில் எதுவும் நாவில் வருவதில்லை.

தையலுக்கு முன்னே லேஸ். அதைத் திண்டின்மேல் ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னிச் செய்தனர். விரல் அகலத்தில் சில அங்குலம் பின்ன ஒரு நாள் போகும். 1809இல் ஜான் ஹீத்கோட் என்பவர் அதன் வலைத்தளத்தைப் பொறியில் நெய்யக் காப்புரிமை பெற்றார். 1816 சூன் 28ஆம் நாள் இரவு, லவ்பரோ ஊரில் அவருடைய ஆலைக்குள் லுட்டைட்டுகள் எனப்பட்ட பொறியெதிர்ப்பாளர் புகுந்து 55 பொறிகளை உடைத்தனர். அவர் ஆலையையே தெற்கே டெவனில் உள்ள டிவர்ட்டனுக்கு மாற்றிக்கொண்டார். 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்ளி தையற்பொறியின் இயக்கத்தைப் பின்பற்றி, வரிசை வரிசையான ஊசிகளால் பூத்தையல் இடும் பொறியை அமைத்தார். இவற்றால் விலை சரிந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் சீமாட்டிக்கு மட்டும் உரியதாக இருந்த ஓரம், அதன் முடிவில் கடைப்பெண்ணின் உள்பாவாடையிலும் இருந்தது. கையால் பின்னியோருக்கு என்ன நேர்ந்ததென்றால், 1840இல் விக்டோரியா அரசி தம் திருமண உடைக்கு டெவன் பெண்கள் பின்னிய ஹானிட்டன் லேசைத் தேர்ந்தெடுத்ததே நலிந்த அத்தொழிலுக்குக் கைகொடுக்கத்தான்.

இந்தச் சுமையை உதறிவிட எண்ணிய பெண்களும் இருந்தனர். 1851இல் அமெரிக்காவில் எலிசபெத் ஸ்மித் மில்லர், முழங்காலுக்குச் சற்றே கீழே நிற்கும் பாவாடையும் கணுக்காலில் சுருக்கிக் கட்டிய துருக்கியக் காற்சட்டையும் அணிந்து வெளியே வந்தார். அமேலியா புளூமர் தாம் நடத்திய 'லில்லி' இதழில் அதை ஆதரித்து எழுத, உடைக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. தெருவில் சிறுவர்கள் கூச்சலிட்டனர். மேடைகளில் பாதிரிமார் கண்டித்தனர். கேலிச் சித்திரக்காரர்களுக்கு நல்ல அறுவடை. பெண்ணின் வாக்குரிமை பற்றிப் பேச வந்தால் அவையோர் காலையே நோக்குகின்றனர் என்று கண்டு அப்பெண்கள் ஒருவர்பின் ஒருவராக அதை விட்டனர். கூண்டுப் பாவாடை போதிய அளவு இலேசாகிவிட்டது என்று சொல்லி 1859இல் புளூமரும் விட்டார். வெளியே தெரிய அணிந்த அந்த உரிமையுடையின் பெயர், காலப்போக்கில் ஆங்கிலத்தில் சுருக்கு வைத்த தொளதொளப்பான உள்ளுடைக்கு வழங்கலாயிற்று. சொற்களுக்கு நேரும் இத்தகைய இறக்கத்தைக் கவிஞர்கள் என்னைவிட நன்கறிவார்கள்.

1881இல் இலண்டனில் தோன்றிய பகுத்தறிவு உடைச் சங்கம் வேறு வழியில் சென்றது. அது தராசைக் கையிலெடுத்தது. காலணி நீங்கலாக ஒரு பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டைத் தாண்டலாகாது என்று அச்சங்கம் விதித்தது. ஏழு பவுண்டு என்பது மூன்று கிலோவுக்கு மேல். அது குறைத்துக்கொண்ட அளவு என்றால் குறைக்காத அளவை நாமே ஊகித்துக்கொள்ளலாம். சங்கத்தின் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் ஆஸ்கார் ஒயில்டின் மனைவி கான்ஸ்டன்ஸ்.

நூற்றாண்டின் இறுதியில் சுருக்கு மேடையேறியது. 1830களில் பாரிசின் எளியோர் நடனக்கூடங்களில் தோன்றிய கான்கான் ஆட்டம், 1889இல் திறக்கப்பட்ட மூலான் ரூழ் அரங்கில் காசு கொடுத்துக் காணும் காட்சியாயிற்று. அதன் நாயகி லூயிஸ் வெபர் சலவைத்தொழில் செய்த பெண்ணின் மகள். பிறர் சுருக்குகளுக்குக் கஞ்சியிடும் வீட்டில் வளர்ந்தவர். 1891இல் தூலூஸ் லோத்ரெக் தீட்டிய புகழ்பெற்ற சுவரொட்டியில், சுற்றிலும் மஞ்சளும் கறுப்பும் சிவப்பும் நிறைந்திருக்க, நடுவே அவருடைய உள்பாவாடையின் வெண்மை மட்டும் தாளின் வெண்மையாகவே விடப்பட்டிருக்கிறது. வெபர் 1929இல் வறுமையில் இறந்தார். அதே காலத்தில் செல்வர் வீட்டுப் பெண்கள் பட்டு உள்பாவாடை அணிந்து நடக்கையில் எழும் ஒலிக்குப் பிரெஞ்சுக்காரர் 'புரூபுரூ' என்று பெயரிட்டிருந்தனர். நம் சரசரப்பு, சலசலப்பு போன்ற இரட்டைக்கிளவியே அது. காண முடியாததைக் கேட்கச் செய்யும் உத்தி.

முதல் உலகப்போருக்குப்பின் பெண்கள் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லத் தொடங்கியதும், குறுகிய நேருடையும் செயற்கைப் பட்டும் வந்ததும், அடுக்குச் சுருக்குகளுக்கு உள்ளே இடமில்லாமற் போயிற்று. அதன்பின் அது எப்போதாவது தலைகாட்டும் விருந்தாளி. 1949இல் விம்பிள்டனில் அமெரிக்க வீராங்கனை கஸ்ஸி மோரன் வண்ண உடை கேட்டார். வெள்ளை மட்டுமே என்பது விதி. உடை அமைப்பாளர் டெட் டின்லிங் விதிக்குள் நின்று, ஆட்டக் காற்சட்டையின் ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்தார். படம் எடுப்போர் புல்தரையில் படுத்துக்கொண்டு காத்திருந்தனர். டென்னிசுக்குள் ஆபாசத்தையும் பாவத்தையும் கொணர்ந்ததாக டின்லிங்மீது குற்றம் சாட்டப்பட்டது. அங்கு அவர் வகித்த வரவேற்பாளர் பணி போயிற்று. 1982 வரை அவ்வரங்கில் அவருக்கு மீண்டும் பொறுப்புக் கிடைக்கவில்லை. தரையில் படுத்திருந்தவர்கள்மீது எவரும் குற்றம் சாட்டியதாக நான் எங்கும் படித்ததில்லை.

நான் திரும்பிச் செல்ல விரும்பும் ஆண்டு 1859. புளூமர் தம் உடையைக் கைவிட்ட ஆண்டு என்றேன். அவ்வாண்டு நம் தென்கோடியில் நடந்ததைச் சொல்ல, நாற்பது ஆண்டு முன்னே சென்று தொடங்கவேண்டும்.

1819இன் இறுதியில் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் அன்றைய திருவிதாங்கூரிலிருந்த நாகர்கோவிலுக்கு வந்தனர். 1820களில் அங்கிருந்த பெண்கள் விடுதிப்பள்ளியில் மார்த்தா, திண்டின்மேல் பின்னும் ரேந்தையைக் கற்பித்தார். இங்கிலாந்தில் பொறிக்கு அஞ்சி ஒடுங்கிக்கொண்டிருந்த கைத்தொழில், இங்கே புதுக்கைகளில் பயின்று வளர்ந்தது. ஐரோப்பியப் பெண்கள் அதை வாங்கித் தம் உடைகளின் ஓரங்களில் தைத்துக்கொண்டனர். கற்றவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளின் பெண்மக்கள். அடிமைகளாக இருந்தோரின் மக்களும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே ரேந்தைக் கூலியைச் சேர்த்துவைத்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, ரேந்தைத் திண்டும் அவருடன் நெல்லைச் சீமைக்குச் சென்றது. ஒப்பிலக்கணம் எழுதப்பட்ட வீட்டின் மறுபக்கத்தில் பெண்கள் கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டிருந்தனர் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் ஏனோ குறிப்பதில்லை.

இந்த விரல்களுக்குரிய பெண்கள் தாங்கள் என்ன உடுத்தலாம் என்பதைத் தாங்கள் முடிவு செய்ய இயலவில்லை. நாடார் சமூகப் பெண்களும் பிற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் உயர்த்தப்பட்ட சாதியார் முன் மார்பை மறைக்கலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் எனும் தொளதொளத்த சட்டையை அணிய 1810களில் அரசு இசைவளித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் மேலாடை போட அனுமதியில்லை. 1820களில் சந்தைகளில் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் தொழுகைக் கூடங்களும் எரிந்தன. 1858, 1859இல் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் நெருக்கடிக்குப்பின், 1859 சூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மன்னரின் அறிக்கை வெளியாயிற்று. நாடார் பெண்கள் சட்டை அணியலாம். முரட்டுத் துணியால் உடம்பைச் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது. அந்த ஆணையில் 'முரட்டுத் துணி' என்று வரும் இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். உலகின் மிக நுண்ணிய ஓரங்களுள் ஒன்றை அதே ஊரில் அதே பெண்கள் பின்னிக்கொண்டிருந்த நேரம் அது.

நாஞ்சில் நாட்டில் என் தாய்வழிப் பாட்டியார் வீட்டில் ரேந்தைத் திண்டு ஒன்று இருந்தது. உருண்டை வடிவம், உள்ளே வைக்கோல் அடைத்து இறுக்கித் தைத்தது. நான் சிறுவனாக இருந்தபோது கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை பின்மதியத்தில் திண்ணைவரை கேட்கும். பாட்டியார் பேசிக்கொண்டே பின்னுவார். கண் வேறெங்கோ இருக்கும். முழம் நிறைந்ததும் கழற்றி, நீலத்தாளில் சுற்றி வைப்பார். வாரம் ஒருமுறை ஒருவர் வந்து முழம் போட்டு அளந்து, காசு கொடுத்து எடுத்துச் செல்வார். பாட்டியாரின் ரவிக்கைகள் எல்லாம் வெள்ளை. கைமுனையை உள்மடித்துத் தைத்திருக்கும், வேறொன்றும் இராது. ஒன்றில்கூட ரேந்தை வைத்துக்கொள்ளவில்லையே என்று ஒருமுறை கேட்டேன். அது விக்கிறதுக்குள்ளது மக்கா என்றார்.

மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட அந்தக் கவிதை இம்மலரின் பிற்பகுதியில் இடம்பெறுகிறது. மலர்க்குழுவில் இருந்தவன் என்ற முறையில் அச்சுப்படியைப் பார்த்தேன். பிரில் என்ற சொல் மாற்றப்படாமல் இருக்கிறது.